கொன்னக்கோல் ராக் மேடை ஏறிய கதை

பட்டுக்கோட்டையிலிருந்து வடகிழக்கே நாற்பது கிலோமீட்டருக்குள் மன்னார்குடி வந்துவிடும். கிழக்கே முத்துப்பேட்டை வழியாகப் போனால் வேதாரண்யம், அதன் பக்கத்தில் தேத்தாகுடி. நெல்லும் தென்னையும் உப்பளமுமாகக் கிடக்கும் இந்த ஊர்களுக்கு மேற்கத்திய ராக் இசையின் வரலாற்றில் ஓர் இடம் உண்டு. அதை முழுதாகச் சொல்ல, முதலில் தவில்காரர்களின் வாய்க்கணக்கில் தொடங்க வேண்டும்.

காவிரிக் கரையில் தாளம் வாய்க்கு வந்த பிறகுதான் கைக்கு வரும். தவிலோ மிருதங்கமோ, தோலைத் தொடுமுன் பிள்ளை சொற்கட்டைச் சொல்லிப் பழக வேண்டும். மூன்றுக்குத் தகிட, நான்குக்குத் தகதிமி, ஐந்துக்குத் தகதகிட, ஏழுக்குத் தகிட தகதிமி. இந்த வாய்ப்பாடமே தனிக் கலையாக வளர்ந்து கொன்னக்கோல் ஆயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதற்குப் பெயர் வாங்கித் தந்தவர் மன்னார்குடி பக்கிரியா பிள்ளை. பாடகர் காஞ்சிபுரம் நயினாப் பிள்ளையின் புகழ்பெற்ற ‘ஃபுல் பெஞ்ச்’ கச்சேரிகளில் மிருதங்கம், கஞ்சிரா, கடம், நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவில் ஆகியவற்றோடு பக்கிரியா பிள்ளையின் குரலும் ஒரு பக்கவாத்தியமாக நின்றது. கையில் ஒன்றுமில்லாமல், நாக்கை மட்டும் நம்பி அத்தனை பேருக்கு நடுவே கணக்கு வழக்காடுவது லேசான காரியமல்ல.

பிறகு கச்சேரியின் நேரம் சுருங்கியது. பக்கவாத்தியக் கூட்டமும் வயலின், மிருதங்கம், கூடவே இன்னொன்று என்று குறைந்தது. கொன்னக்கோல்காரருக்கு மேடையில் இடம் அரிதாயிற்று. நம்மவர்கள் இந்தக் கலைக்குச் செய்த அநியாயம் அது.

கடலுக்கு அப்பால் அப்போது வேறொரு தேடல் தொடங்கியிருந்தது. ‘கிங் கிரிம்சன்’ குழுவின் முதல் இசைத்தட்டு வெளிவந்த 1969ஆம் ஆண்டை ஒட்டி, இங்கிலாந்தின் இளைஞர்கள் ராக் இசையின் நான்கு எண்ணிக்கையை உடைக்கத் தலைப்பட்டார்கள். ஐந்திலும் ஏழிலும் பாட்டுக் கட்டினார்கள், இருபது நிமிடம் நீளும் உருப்படிகளை வாசித்தார்கள். முற்போக்கு ராக் என்று அதற்குப் பெயர் வந்தது. அந்தத் தலைமுறைக் கிதார் கலைஞர்களில் கணக்கை ஆழமாகப் பிடித்தவர் ஜான் மெக்லாக்லின். 1971இல் அவர் தொடங்கிய ‘மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா’ 1973இல் வெளியிட்ட ‘பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்’ தொகுப்பின் தலைப்பு உருப்படி பதினெட்டு எண்ணிக்கையில் ஓடுகிறது. நம் கணக்கில் சொன்னால் ஒன்பதான சங்கீர்ணம் இரண்டு.

ஆனால் கணக்கு தெரிந்தால் போதாது, அது எங்கிருந்து மூச்சு வாங்குகிறது என்பதும் தெரிய வேண்டும் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். அங்கேதான் வயலின் கலைஞர் எல். சங்கரின் நட்பும் கிடைத்தது. சங்கரின் தந்தை வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். தபேலாவுக்கு ஜாகிர் உசேன், மிருதங்கத்துக்கு ராமநாதபுரம் ராகவன், கடத்துக்கு விக்கு விநாயக்ராம் என்று சேர்ந்த குழு ‘சக்தி’. விநாயக்ராமின் பெயருக்கு முன்னால் இருக்கும் ‘டி’ தேத்தாகுடியைக் குறிப்பது.

1975 ஜூலை 5 அன்று நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் ஒரு கல்லூரிக் கச்சேரி பதிவு செய்யப்பட்டு, சக்தியின் முதல் தொகுப்பாக 1976இல் வெளிவந்தது. மின்கிதாரால் அரங்குகளை அதிர வைத்த மெக்லாக்லின் அன்று தரையில் சம்மணமிட்டு, மின்சாரமில்லாத கிதாரை மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் கிதார் தனியாகச் செய்யப்பட்டது. ஸ்வரத்தை அசைத்து இழைக்கும் கமகம் பிடிப்பதற்காக அதன் மெட்டுகளுக்கு இடையிலிருந்த மரம் குடைந்தெடுக்கப்பட்டிருந்தது, சுருதிபோல் ஒலிக்கக் குறுக்கே தனித் தந்திகள் கட்டப்பட்டிருந்தன. தொகுப்பின் முதல் உருப்படி ‘ஜாய்’ பதினெட்டு நிமிடம். கடம் வெறும் களிமண் பானைதான். ஆனால் விநாயக்ராமின் விரல்கள் அதில் எழுப்பும் வேகத்துக்கு முன் பெரிய டிரம் செட்டுகள் தேவையற்றவையாகிவிடுகின்றன.

அடுத்த தொகுப்பான ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’ 1976இல் பதிவானது. அது கிதாரிலும் தொடங்கவில்லை, வயலினிலும் தொடங்கவில்லை. சொற்கட்டில் தொடங்குகிறது. நம் சபாக்கள் மேடையிலிருந்து இறக்கிவிட்ட கலை, கொலம்பியா நிறுவனத்தின் இசைத்தட்டில் முதல் குரலாக வந்து நின்றது!

பீட்டில்ஸ் 1965இல் சித்தாரை எடுத்தபோது அது பாட்டுக்கு ஒரு வண்ணமாக வந்தது. எடுத்துவிட்டாலும் பாட்டு நிற்கும். சக்தியில் அப்படியல்ல. தாள முடிப்புகளான கோர்வையையும் மோராவையும் உருவிவிட்டால் அந்த உருப்படிகளில் எதுவும் மிஞ்சாது. இந்திய இசையை அலங்காரமாக அல்லாமல் எலும்புக்கூடாகவே ஏற்ற பெரிய முயற்சி அது. மின்கிதாரை எதிர்பார்த்த ரசிகர்கள் பலர் விலகினார்கள். 1977இல் மூன்றாவது தொகுப்பு வந்தது, 1978இல் குழு கலைந்தது.

காவிரி டெல்டாவின் இன்னொரு ஒலியும் அந்த ஆண்டுகளில் ராக் இசைக்குள் புகுந்தது. கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டையின் ஆச்சா மரத்து நாதஸ்வரத்தை டி.என். ராஜரத்தினம் பிள்ளை உலகறியச் செய்தார். அதே வாத்தியத்தை அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோ பயின்று, ஜெர்மனியின் ‘எம்ப்ரியோ’ ராக் குழுவோடு 1973இல் வெளியான ‘வீ கீப் ஆன்’ தொகுப்பில் வாசித்தார்.

சக்தி கலைந்தபின் சங்கர், ராக் கலைஞர் ஃபிராங்க் ஜாப்பாவின் தயாரிப்பில் 1979இல் ‘டச் மீ தேர்’ தொகுப்பை வெளியிட்டார். பீட்டர் கேப்ரியலின் ‘பேஷன்’ தொகுப்பிலும் அவர் வயலின் உண்டு. விநாயக்ராம் ‘கிரேட்ஃபுல் டெட்’ குழுவின் மிக்கி ஹார்ட்டோடு ‘பிளானட் டிரம்’ தொகுப்பில் வாசித்தார். அது 1992இல் கிராமி விருது பெற்றது. 1997இல் சக்தி புதிய உருவில் திரும்பியது. பிறகு அதில் தந்தையின் கடம் மகன் செல்வகணேஷின் கஞ்சிராவுக்கு வழிவிட்டது. செல்வகணேஷும் மெக்லாக்லினும் 2007இல் கொன்னக்கோலைப் பாடமாகவே ஒரு டிவிடியில் தந்தார்கள். இன்று உலகெங்கும் டிரம்ஸ் பயில்பவர்கள் தகதிமி சொல்லிக் கணக்குப் பழகுகிறார்கள். பெங்களூரில் 2003இல் தொடங்கிய ‘அகம்’ குழு, திருவையாற்றில் வாழ்ந்த தியாகராஜரின் கீர்த்தனைகளை முற்போக்கு ராக்காக வாசிக்கிறது. சக்தியின் ‘திஸ் மொமென்ட்’ தொகுப்பு 2024இல் கிராமி வாங்கியது. அந்த ஆண்டு டிசம்பரில் ஜாகிர் உசேன் மறைந்தார்.

பட்டுக்கோட்டை வட்டாரத்தில் தவில் பயிலும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுடைய ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாடம் முடிந்ததும் ‘ஜாய்’ உருப்படியை அவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள், கையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்கச் சொல்லுங்கள். தங்கள் வாயிலிருக்கும் சொற்கட்டு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை அவர்கள் சின்ன வயதிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.