வலையை விட்டு இறங்கு!

ஐந்தடி மூன்று அங்குல உயரத்தில் ஒருவன் வாலிபால் ஆடினால் என்னென்ன பட்டப்பெயர் கிடைக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. பள்ளி டீமில் அந்தக் குள்ளன் நான்தான். எதிரணிக்காரன் கை ஓங்கினாலே வலையோரம் எம்பிக் குதிப்பேன். விரல் நுனிகூட வலைக்கு மேலே வராது. ஆனாலும் குதிப்பேன். ரோஷம்!

ஒருநாள் பி.டி. மாஸ்டர் கூப்பிட்டார். "டேய், பந்து வலையை விட்டுத் தள்ளிப் போச்சுன்னா அவனால ஓங்கி அடிக்க முடியாது. அப்போ நீ குதிச்சா பின்னாடி ஒரு ஓட்டைதான் மிச்சம். 'டவுன்'னு கத்திட்டு இறங்கி வா."

முறை எளிதானது. லிஃப்ட் கொடுப்பவர் மட்டும் வலையருகே நிற்பார். முன்வரிசையில் மற்ற இருவரும் மூன்று மீட்டர் கோடு வரை பின்வாங்குவார்கள். பின்வரிசை மூவரும் ஆழமாக விரிந்து நிற்பார்கள். தடுப்புச் சுவர் இல்லை. ஆனால் தரை முழுக்கக் காவல்.

யோசித்தால் இந்த ஆட்டம் பிறந்ததே அப்படித்தான். 1895-இல் அமெரிக்காவின் ஹோலியோக் நகரில் வில்லியம் மார்கன் இதை உருவாக்கியது, கூடைப்பந்தின் முரட்டு ஓட்டம் ஒத்துவராத நடுவயதுக்காரர்களுக்காக. அப்போது ஸ்மாஷ் இல்லை, பிளாக்கும் இல்லை. 1916 வாக்கில் பிலிப்பைன்ஸ்காரர்கள் பந்தை உயர எழுப்பி ஓங்கி அடிக்கத் தொடங்கினார்கள். அதைத் தடுக்கத்தான் வலையோரம் கைகள் எழுந்தன.

பிளாக்கைத் தாண்டி வரும் பந்தை என்ன செய்வது? அதற்கு விடை சொன்னவர்கள் ஜப்பானியப் பெண்கள். பெரும்பாலோர் ஒரே நூற்பாலையின் தொழிலாளிகள். வேலை முடிந்து இரவு வெகுநேரம் வரை பயிற்சி. கோச் ஹிரோபுமி தாய்மாட்சு, சாய்த்தாலும் எழும் பொம்மையைப் பார்த்து, விழுந்து பந்தை எடுத்து உருண்டு எழும் முறையைக் கற்றுக்கொடுத்தார். நம்ம தஞ்சாவூர் தலையாட்டிப் பொம்மை மாதிரிதான்! 1964 டோக்கியோ ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் சோவியத் அணியை 3-0 என்று வென்றார்கள்.

அதற்குப் பிறகு பிளாக் செய்பவரின் கை வலையைத் தாண்டிப் போகலாம் என்று விதி மாறியது. உயரமானவர்களுக்குக் கொண்டாட்டம். எங்களைப் போன்றவர்களுக்கு நியாயம் கிடைத்தது 1998-இல், 'லிபரோ' வந்தபோது. வேறு நிறச் சட்டை. பின்வரிசையில் மட்டும் ஆட்டம். பிளாக் செய்யக் கையைத் தூக்கவே கூடாது!

எனக்கு அது வெகு தாமதம். பள்ளியின் கடைசி வருடம், ஒரு போட்டியில் கடைசி பாயிண்ட். பந்து வலையை விட்டு நன்றாகத் தள்ளி எழும்பியது. மாஸ்டர் "டவுன்!" என்று கத்தினார். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. நான் குதித்தேன். பந்து மெதுவாக என் தலைக்கு மேலே வந்து, நான் நின்றிருக்கவேண்டிய இடத்தில் விழுந்தது.

மாஸ்டர் திட்டவில்லை. தோளில் கை வைத்துவிட்டுப் போனார். அந்தக் கையின் கனம் இன்னும் இறங்கவில்லை.