லத்தீனில் வாழும் நம் மீன்கள்

சேர்வராயன் மலைக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஏறத்தாழ 170 கிலோமீட்டர் தொலைவு. ஏற்காட்டுச் சந்தைக்குக் கடல் பெரும்பாலும் கருவாடாகத்தான் வந்து சேர்கிறது. திணை மரபின்படி இது குறிஞ்சி நிலம். நெய்தலைப் பற்றிப் பேச இங்கிருப்பவனுக்கு என்ன உரிமை என்று கேட்கலாம். ஆனால் பெயர்களின் வரலாற்றில் அக்கறை உள்ளவனுக்கு இந்த மலையே ஒரு வழியைக் காட்டுகிறது. இங்குள்ள ஒரு சிறுமரத்துக்குத் தாவரவியலாளர் கேம்பிள் இட்ட பெயர் 'வெர்னோனியா செவராயென்சிஸ்'. மலையின் பெயர் அப்படி லத்தீனுக்குள் புகுந்தது. நம் கடலோர மீனவர்களின் சொற்கள் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தன. நம்மில் பலர் அதைக் கவனித்ததில்லை.

இந்த வரலாறு தரங்கம்பாடியில் தொடங்குகிறது. டேனியரின் ஆட்சியில் இருந்த அவ்வூருக்கு 1771இல் வந்த மதபோதகர் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான், கரைக்கு வந்த மீன்களைப் பதப்படுத்தி, உள்ளூர்ப் பெயர்களோடு பெர்லினுக்கு அனுப்பிவந்தார். அவற்றைப் பெற்றவர் மார்க்குஸ் எலியேசர் புளோக் என்னும் மருத்துவர். அக்காலத்து மீனியலில் தலையாய அறிஞர். தமக்கு உதவிய ஜானின் பெயரை 1793இல் ஒரு பேரினத்துக்கே சூட்டினார்: 'ஜானியஸ்'. அதில் அடங்கிய ஓர் இனத்தின் பெயர் 'கருட்டா'. நம் மீனவர்கள் சொன்ன கருத்த கத்தாளையில் உள்ள 'கருத்த'தான் அது. கத்தாளைகள் காற்றுப்பையை ஒட்டிய தசைகளை அதிரச் செய்து ஒலியெழுப்பும் மீன்கள். பின்னாளில், 1969இல், அந்தக் 'கத்தாளை' என்னும் சொல்லே 'கத்தலா' என்ற பேரினப் பெயராயிற்று.

புளோக் 1799இல் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற பணியை ஷ்னைடர் முடித்து 1801இல் வெளியிட்டார். அந்நூலில் ஒரு தட்டை மீனுக்கு 'எருமெய்' என்று பெயர். எருமை நாக்கு என்று நாம் அழைக்கும் மீன் அது. குஞ்சாக இருக்கையில் பிற மீன்களைப் போலவே பக்கத்துக்கு ஒரு கண் இருக்கும். வளர வளர ஒரு கண் இடம்பெயர்ந்து மறுபக்கத்தை நோக்கி வந்துவிடும். அகன்று தடித்த அதன் உடலைப் பார்த்து எருமையின் நாக்கை நினைத்த மீனவன் யாரென்று நமக்குத் தெரியாது. ஆனால் அவனுடைய உவமையின் ஒரு பாதி இன்று உலகெங்கும் அறிவியல் பெயராக வழங்குகிறது.

வடக்கே விசாகப்பட்டினத்தில் பாட்ரிக் ரஸ்ஸல் இதே பணியைச் செய்தார். இருநூறு மீன்களின் படங்களும் விவரங்களும் கொண்ட அவரது நூல் 1803இல் வந்தது. அவர் குறித்த தெலுங்குப் பெயரான 'கனகூர்த்த' என்பதை 1816இல் குவியே ஏற்றுக்கொண்டார். நாம் கானாங்கெளுத்தி என்றும், குமரிக் கரையில் அயிலை என்றும் சொல்லும் மீன்தான் அது. கெளுத்தி என்று பெயரில் இருந்தாலும் கெளுத்தி இனத்துக்கும் இதற்கும் உறவில்லை. இப்படி ஒரே மீனுக்குக் கரைதோறும் ஒரு பெயர் உண்டு. சென்னையில் வஞ்சிரம், வேறு சில கரைகளில் அறுக்குளா, குமரியில் நெய்மீன்.

சென்னைப் படையின் மருத்துவராக இருந்து பின்னர் மீன்வளத் தலைமை ஆய்வாளரான பிரான்சிஸ் டே, 1875 முதல் 1878 வரை வெளியிட்ட பெருநூலில் தமிழ்ப் பெயர்களையும் சேர்த்தே பதிந்தார். 1889இல் வந்த அவரது தொகுதிகளில் பர்மா, இலங்கை உட்பட, நன்னீர் மீன்களையும் சேர்த்து 1,418 இனங்கள் இடம்பெற்றன. இந்திய விலங்கியல் அளவீட்டு நிறுவன ஆய்வாளர்களின் 2015ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியக் கடல் மீன்கள் மட்டும் 2,443. பவளப்பாறைகளும் கடற்புல் வெளிகளும் 21 தீவுகளும் கொண்ட மன்னார் வளைகுடாவில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மீனினங்கள் பதிவாகியுள்ளன.

இவ்வளவு பெரிய அட்டவணைக்கு அடித்தளமிட்டவர்களில் நம் மீனவர்களும் உண்டு. ஆனால் அந்த அறிவு தமிழுக்குள் எப்படி வந்தது? சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியை (1924–1936) எடுத்துப் பாருங்கள். மீன் பெயர் ஒன்றுக்கு ஆங்கிலப் பகுதியில் நிறம், நீளம், லத்தீன் பெயர் எல்லாம் கிடைக்கும். அருகிலுள்ள தமிழ்ப் பகுதியிலோ பல இடங்களில் 'மீன்வகை' அல்லது 'கடல்மீன்வகை' என்பதோடு முடிந்துவிடும். அந்த அகராதியின் பெருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் தமிழ் மட்டும் அறிந்த வாசகனுக்கு அத்தனை மீன்களும் ஒரே மீனாகிவிட்டன. உரையாசிரியர்களிடமும் பாடநூல்களிடமும் இதே வழக்கம் உண்டு. வகுப்பில் நாமும் அதைத்தான் சொல்லிக் கடந்து போகிறோம்.

இதனால் என்ன இழப்பு? பட்டினப்பாலையில் பரதவர் சுறாவின் கோட்டை நட்டுத் தெய்வத்தை வழிபடுகிறார்கள். சாதாரணச் சுறாவுக்குக் கொம்பு இல்லை. இருபுறமும் பற்கள் வரிசையாக அமைந்த வாள் போன்ற நீள்மூக்குடைய வேளா மீனின் 'கோடு' அது என்று கொள்ள இடமுண்டு. 'ஒருவகைச் சுறா' என்று பொருள் எழுதி நிறுத்திக்கொண்ட நமக்கு, அந்த மீன் கண்முன்னே அருகிப்போனது தெரியவில்லை. வாள்மூக்கு எளிதில் வலையில் சிக்கிக்கொள்ளும். இழுவை வலைகள் பெருகிய பின் அது தப்பிக்க வழியில்லாமல் போயிற்று. 2001இல் வேளா இனங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு இது. புலி அருகுவதை அறிந்து நாம் கவலைப்பட்டோம். வேளாவைப் பெயரால் அறியாததால் அந்தக் கவலைகூட நமக்கு ஏற்படவில்லை.

பெயர் அழிந்தால் மீன் அழியும் என்று சொல்லவில்லை. ஆனால் பெயர் தெரியாத ஒன்று இல்லாமல் போவதை யாரும் கவனிப்பதில்லை. ஜோ டி குருஸின் 'ஆழிசூழ் உலகு' 2004இல் வந்தபோது பரதவர் மொழி தமிழிலக்கியத்துக்குள் வலுவாக நுழைந்தது. புனைவு செய்ததைப் புலமையும் செய்ய வேண்டும். கரையோரக் கல்லூரிகளின் தமிழ் மாணவர்கள் முதிய மீனவர்களிடம் அமர்ந்து, ஒவ்வொரு பெயருக்கும் நிறம், பருவம், கிடைக்கும் ஆழம், வலை என எழுதிவைக்கலாம். ஜானும் ரஸ்ஸலும் அந்நிய மொழிகளுக்காகச் செய்தது இதைத்தான். இருநூறு ஆண்டுகள் கழித்தாவது அதை நம் மொழிக்காகச் செய்வது, நெய்தல் பாடல்களை வகுப்பில் நடத்துகிற நம் எல்லோருக்கும் உள்ள கடன்.