முதலாம் வருடப் பிள்ளைக்கு முதலில் கை கொடுப்பது யார்?



வெட்டுப்புள்ளி வெளியான நாளிலிருந்து எங்களைத் தேடி வரும் பெற்றோரிடம் ஒரே கேள்விதான். "சேர், பிள்ளைக்குக் கெம்பஸ் கெடச்சிருக்கு. அனுப்பலாமா?" பதின்மூன்று வருடம் படிக்க வைத்து, டியூஷன் காசுக்காக நகையை அடகு வைத்து எடுத்துவிட்டு, கடைசிப் படியில் நின்று உம்மாமார் பயப்படுகிறார்கள். அம்மாமாரும் அப்படித்தான். போன கிழமை ஒரு வாப்பா கேட்டார்: "ராகிங் இல்லாத கெம்பஸ் எது சேர்? அதைச் சொல்லுங்க, அதுக்குப் போடுவோம்." எங்களிடம் பதில் இருக்கவில்லை. வரலாறு படிப்பிக்கும் ஆட்கள் என்பதால், இந்தப் பயம் எப்படி வந்தது என்று தேடிப் பார்த்தோம். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாக வாசியுங்கள்.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 ஜூலை 1ஆம் திகதி கொழும்பில் தொடங்கியது. 1870இல் உருவான மருத்துவக் கல்லூரியையும் 1921இல் உருவான பல்கலைக்கழகக் கல்லூரியையும் சேர்த்து அதை அமைத்தார்கள். அன்று இருந்த மாணவர் தொகை 904. இன்று எங்கள் பக்கத்தில் உள்ள நடுத்தரப் பாடசாலை ஒன்றிலேயே அதைவிடக் கூடுதலாகப் பிள்ளைகள் இருப்பார்கள். அந்த 904 பேரில் பெரும்பாலானோர் ஒரு சில ஆங்கிலப் பாடசாலைகளில் இருந்து வந்தவர்கள். புதிதாகப் போகும் பிள்ளைக்கு அங்கே பள்ளித் தோழன் இருப்பான், இல்லாவிட்டால் மச்சான் இருப்பான். விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கும், அவனுக்கும் ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. அவனைப் பழக்கி எடுக்க யாரும் பெரிதாக மெனக்கெட வேண்டியிருக்கவில்லை.

அப்படியிருந்தும் மெனக்கெட்டார்கள். முதல் உபவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் வதிவிடப் பல்கலைக்கழகத்தை நம்பிய மனிதர். 1952இல் பேராதனைக்கு இடம் மாறியபோது அருணாசலம், ஜயதிலக, ராமநாதன், ஹில்டா ஒபேசேகர என்று விடுதிகள் எழுந்தன. ஒவ்வொரு விடுதிக்கும் ஒரு விடுதிப் பொறுப்பாளர், அவருக்குக் கீழே உப பொறுப்பாளர்கள். விரிவுரையாளர்களே அந்தப் பதவிகளில் இருந்து மாணவர்களோடு மாணவர்களாக வாழ்ந்தார்கள். பிள்ளை பாதியை வகுப்பிலும் மீதியை விடுதிச் சாப்பாட்டு மேசையிலும் கற்கும் என்பது கணக்கு. தமிழ்ச் சங்கம் இருந்தது, அதன் 'இளங்கதிர்' சஞ்சிகை வந்தது. முஸ்லிம் மாணவருக்கு மஜ்லிஸ். பகிடியும் இருந்தது. அந்தக் காலத்தில் படித்த முதியவர்கள் அதைச் சிரித்துக்கொண்டே சொல்வதைக் கேட்டிருக்கிறோம். அந்தச் சிரிப்பை நாம் முழுதாக நம்புவதில்லை. சிரிக்க முடியாதவர்கள் அந்தக் கதையைச் சொல்ல வருவதில்லையே.

இந்த இடத்தில் எங்கள் ஆட்களின் கதை ஒன்று சொல்லியாக வேண்டும்.

ஏ.எம்.ஏ. அஸீஸ் 1911இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். வைத்தீஸ்வரா வித்தியாலயம், யாழ் இந்துக் கல்லூரி, அதன்பின் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி. சிவில் சேவைக்குள் நுழைந்த முதல் இலங்கை முஸ்லிம். யுத்த காலத்தில், 1942இல், உத்தியோகம் அவரைக் கல்முனைக்குக் கொண்டுபோனது. மூளை இருந்தும் வசதி இல்லாமல் படிப்பை நிறுத்தும் பிள்ளைகள் அங்கே அவர் கண்ணில் பட்டார்கள். உடனே கல்முனையில் ஒரு கல்விச் சங்கம் அமைத்தார். 1945இல் அதை நாடு முழுவதற்குமாக விரித்து முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கினார். 1948இல் சிவில் சேவையையே விட்டுவிட்டு மருதானை ஸாஹிராவுக்கு அதிபராக வந்து, 1961 வரை இருந்தார். அந்த நாளில் அந்த வேலையை உதறுவது என்றால் வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நாம் அடிக்கடி நினைப்பதுண்டு.

அவருடைய ஸாஹிரா முஸ்லிம் பிள்ளைகளுக்கு மட்டும் வாசல் திறக்கவில்லை. வடமராட்சிக் கரவெட்டியில் பிறந்த கார்த்திகேசு சிவத்தம்பி அங்கே படித்துத்தான் பேராதனைக்குப் போனார். பின்னாளில் பேராசிரியர் சிவத்தம்பியாக உலகம் அறிந்தவர். மருதானையில் ஒரு முஸ்லிம் பாடசாலை, யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பிள்ளையைப் பல்கலைக்கழக வாசல் வரை கொண்டுபோய் விட்டது. இதை எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை என்பது எங்களுக்கு ஒரு மனக்குறை.

அஸீஸ் பணம் சேர்த்தார் என்பதோடு கதையை முடித்துவிடுகிறார்கள். பணத்தோடு இன்னொன்றும் போனது என்பது எங்கள் எண்ணம். இந்தப் பிள்ளை எங்கே போகிறான், அவன் செலவுக்கு என்ன வழி என்று கேட்க ஊரில் ஒரு ஆள் இருந்தார். பிள்ளை பின்னால் திரும்பிப் பார்த்தால் அங்கே யாரோ நின்றார்கள்.

பிறகுதான் நிலைமை புரண்டது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. மத்திய கல்லூரிகள் கிராமத்துப் பிள்ளைகளை மேலே கொண்டுவந்தன. 1960 அளவில் கலைப்பீடத்தில் சிங்களத்திலும் தமிழிலும் படிப்பு ஆரம்பமானது. அறுபதுகளின் நடுவில் நாட்டின் பல்கலைக்கழக மாணவர் தொகை பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. இது நல்ல காரியம், இதில் எங்களுக்கு இரண்டாம் கருத்தே கிடையாது. எங்களில் பலருடைய குடும்பத்தில் முதல் பட்டதாரி இதனால்தான் வந்தார். ஆனால் விடுதி பழைய விடுதி. இரண்டு பேர் அறையில் நான்கு பேர். விரிவுரை தாய்மொழியில், நூலகத்துப் புத்தகம் ஆங்கிலத்தில். அலுவலகத்தில் படிவம் நிரப்பக்கூட வழி தெரியாத பிள்ளை, குடும்பத்தில் யாரும் முன்னே போயிராத பிள்ளை, அங்கே தனியாக நின்றது. வந்த பிள்ளை மாறிவிட்டது, வரவேற்கும் ஏற்பாடு மாறவில்லை.

அந்த வெற்றிடத்தில் சீனியர் வந்து நின்றார்.

இதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பகிடிவதை ஏன் இத்தனை வருடம் சாகாமல் கிடக்கிறது? அதோடு உதவியும் கலந்து வருவதால்தான். எங்களில் ஒருவர் தொண்ணூறுகளில் பல்கலைக்கழகம் போனபோது, முதல் கிழமையே போர்டிங் தேடிக் கொடுத்தது ஒரு சீனியர். நோட்ஸ் கொப்பி கொடுத்ததும் அவரே. எந்தக் கடையில் கடனுக்குச் சோறு கிடைக்கும் என்று காட்டியதும் அவரே. இரவு பதினொரு மணிக்கு முழங்காலில் நிற்க வைத்ததும் அதே ஆள். பீடத்தில் ஒரு விரிவுரையாளர்கூட அந்த மாதம் அவருடைய பெயரைக் கேட்கவில்லை. கொழும்புத் தமிழ் பேசினால் சிரிப்பார்கள் என்று இரண்டு மாதம் வாயே திறக்காமல் இருந்ததாகவும் சொல்வார். உதவிக்கு விலையாகக் கீழ்ப்படிவு கேட்கப்பட்டது. வேறு கடை இல்லாத ஊரில் ஒரே கடைக்காரன் சொல்வதுதானே விலை?

அந்த விலை எவ்வளவு தூரம் ஏறியது என்பதற்குச் சாட்சி இருக்கிறது. 1974இல் வித்யாலங்கார வளாகத்தில் நடந்த கொடுமையை விசாரிக்க அரசாங்கம் குலரத்ன ஆணைக்குழுவை நியமித்தது. அடுத்த வருடமே பேராதனை ராமநாதன் விடுதியில் ரூபா ரத்னசீலி என்ற மாணவி, வதை தாங்க முடியாமல் மாடியில் இருந்து குதித்து, நடமாட முடியாதவரானார். 1997இல் பேராதனைப் பொறியியல் பீடத்து முதலாம் வருட மாணவர் வரப்பிரகாஷ் உயிரிழந்தார். அளவுக்கு மீறி உடற்பயிற்சி செய்ய வைத்ததில் சிறுநீரகம் செயலிழந்திருந்தது. தமிழ்ப் பிள்ளை, தமிழ்ச் சீனியர்கள். அதே வருடம் அம்பாறை ஹார்டி நிறுவனத்திலும் ஒரு உயிர் போனது. அதன் பிறகுதான் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதை குற்றம் என்றும், பாலியல் தொந்தரவோ கடும் காயமோ ஏற்பட்டால் பத்து வருடம் வரை சிறை என்றும் அது சொல்கிறது. சட்டம் வந்தும் 2002இல் ஜயவர்தனபுரவில் பகிடிவதையை எதிர்த்த மாணவர் சமந்த விதானகே கொல்லப்பட்டார். 2020 மார்ச்சில் அதே பல்கலைக்கழகத்தில் படிக்கட்டில் உருட்டிவிட்ட டயர் ஒரு முதலாம் வருட மாணவரின் தலையில் மோதியது.

அண்ணளவாக அதே எழுபதுகளில் அமெரிக்காவிலும் மாணவர் கொந்தளிப்பு இருந்தது. 1970 மே மாதம் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் தலைவர் தோமஸ் ஜோன்ஸை அவருடைய அலுவலகத்துக்குள்ளேயே முற்றுகையிட்டார்கள். மனிதர் வெளியே வந்து பொலிஸைப் பெருக்குவதோடு நிற்கவில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு இந்த இடத்தின்மீது ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டார். 1972இல் 'யுனிவர்சிட்டி 101' என்ற பாடம் பிறந்தது. முதலாம் வருடத்தில் சிறு குழு, ஒரு விரிவுரையாளர். எப்படிக் குறிப்பெடுப்பது, நூலகத்தில் எப்படித் தேடுவது, மனம் உடைந்தால் எந்தக் கதவைத் தட்டுவது, எல்லாமே அங்கே பாடம். இன்று உலகில் பல பல்கலைக்கழகங்கள் பின்பற்றும் முதலாம் வருடக் கருத்தரங்குகளுக்கு அது ஒரு முன்மாதிரி.

நாங்கள் என்ன செய்தோம்? 1971 கிளர்ச்சிக்குப் பிறகு வித்யோதய, வித்யாலங்கார வளாகங்கள் தடுப்பு முகாம்களாயின. நாற்பது வருடம் கழித்து, 2011 மே மாதம், புதுமுக மாணவர்களை இராணுவ முகாம்களுக்கு அனுப்பி மூன்று வாரத் தலைமைத்துவப் பயிற்சி கொடுத்தார்கள். 2015இல் ஆட்சி மாறியதும் அது நின்றது. ஒழுங்கு கற்பிக்கும் நோக்கம் என்றார்கள், இருக்கட்டும். ஆனால் நேரத்துக்கு எழும்பாததா அந்தப் பிள்ளையின் பிரச்சினை? ஆங்கிலத்தில் முதல் ஒப்படையை எப்படி எழுதுவது என்பதும், மாதக் கடைசியில் யாரிடம் கேட்பது என்பதும்தானே?

அதற்கு இன்று வழிகள் இல்லாமல் இல்லை. பீடங்களில் மாணவர் ஆலோசகர்களாக விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள். தொடக்கத்தில் திசைமுகப்படுத்தல் நிகழ்வும் ஆங்கிலப் பாடநெறியும் நடக்கின்றன. 1981இல் சட்டமாக வந்த மஹாபொல இருக்கிறது, அது கிடைக்காதவர்களுக்கு வேறு உதவிப்பணம் இருக்கிறது. சுகாதார நிலையம் இருக்கிறது. மானியங்கள் ஆணைக்குழுவுக்கு நேரே முறையிடலாம். சிக்கல் என்னவென்றால், "ஆலோசகரிடம் போனால் பட்ச் உன்னை ஒதுக்கிவிடும்" என்ற வார்த்தை இந்தத் தகவல்களுக்கு முன்னே பிள்ளையின் காதுக்குப் போய்விடுகிறது. முதல் நாள் யார் முதலில் பேசுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் நிற்கிறது.

அதனால் அந்த முதல் பேச்சை நாங்கள் இங்கேயே, கொச்சிக்கடையிலேயே, பேசிவிட நினைத்தோம். ஒலுவிலுக்குப் போகிற பிள்ளைக்கு, யுத்தத்தால் படிப்புக் குழம்பிய மாணவர்களுக்காக 1995இல் அந்த இடம் உருவான கதையே தெரியாது. யாழ்ப்பாணத்துக்குப் போகிற பிள்ளை வவுனியாவைத் தாண்டியதில்லை. பேராதனைக்குப் போகிற பிள்ளை வீட்டை விட்டு ஒரு இரவு வெளியே தங்கியதில்லை.

கேள்வி கேட்ட அந்த வாப்பாவுக்குப் போன ஞாயிறு ஒரு பதில் கொடுத்தோம். ராகிங் இல்லை என்று எந்தக் கெம்பஸுக்கும் நாங்கள் கையெழுத்து வைக்க மாட்டோம், ஆனால் உங்கள் மகள் போகிற அதே பீடத்தில் இரண்டாம் வருடம் படிக்கும் ஜம்பட்டா வீதிப் பிள்ளை ஒன்று இருக்கிறது, பேசிப் பாருங்கள் என்றோம். இரண்டு பிள்ளைகளும் எங்கள் முன்னால் ஒரு மணித்தியாலம் பேசினார்கள். ஒன்று தமிழ்க் கத்தோலிக்கப் பிள்ளை, மற்றது முஸ்லிம் பிள்ளை. எந்த விடுதி, எந்த பஸ், ஆலோசகர் மிஸ்ஸின் அறை எந்த மாடி, யார் எதைச் சொன்னால் "முடியாது" என்று எப்படிச் சொல்வது. வாப்பா ஒரு மூலையில் பேசாமல் இருந்து கேட்டார். போகும்போது, "அப்ப பெட்டி வாங்கணும்" என்று மட்டும் சொன்னார்.

வருகிற ஞாயிறு பின்னேரம் நாலரைக்கு மறுபடி கூடுகிறோம். இந்த முறை இடம் கிடைத்த பிள்ளைகள் எல்லோரும் உம்மா வாப்பாவோடு, அம்மா அப்பாவோடு வாருங்கள். ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும், எந்தப் பீடமானாலும், வந்து ஒரு அரை மணித்தியாலம் இருந்துவிட்டுப் போங்கள். பிளேன்டீ எங்கள் பொறுப்பு.