கடலோரக் காற்றும் புகைபோக்கி அளவீடும்: கருவிக் காற்றின் தூய்மை பற்றி

புகைபோக்கி வாயுக்களை இடைவிடாது அளந்து இணையவழி அனுப்பும் கருவிகளைப் பெருமாசுக்குரிய 17 வகைத் தொழில்கள் நிறுவ வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014 பிப்ரவரியில் மாநில வாரியங்களுக்குப் பணித்தது முதல், சென்னையின் மணலி, எண்ணூர் போன்ற ஆலைப் பகுதிகளில் வாயுப் பகுப்பாய்விகள் ஒழுங்குமுறையின் கண்களாகிவிட்டன. அவை தரும் எண்களின் நம்பகம் அவற்றுக்கு ஊட்டப்படும் அழுத்தக் காற்றையும் பொறுத்தது. ஆகவே ஆலைகளில் ‘இன்ஸ்ட்ருமென்ட் ஏர்’ எனப்படும் இக்காற்றை, தண்ணீர், மின்சாரம் போன்ற பொது வசதியாக அன்றி, அளவீட்டின் உறுப்பாகவே கொள்ள வேண்டும்.

சென்னைக் கடலோர மீனவர் குப்பமான நொச்சிக்குப்பத்தில் ஆலை எதுவும் இல்லை. எனினும் அங்கே கரையேறும் காற்று, சென்னைக் கடலோரத்துக் கம்ப்ரஸர்கள் உள்ளிழுக்கும் காற்றுக்கு ஏற்ற மாதிரியாகும். 30 பாகை செல்சியஸ் வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் கொண்ட ஒரு கனமீட்டர் காற்றில் ஏறத்தாழ 24 கிராம் நீராவி இருக்கும். அதை வளிமண்டலத்தினும் 7 பார் மிகுதியாக அழுத்தி மீண்டும் 30 பாகைக்குக் குளிர்வித்தால், பருமன் எட்டிலொன்றாகச் சுருங்கி, 4 கிராம் மட்டுமே ஆவியாக நிற்க, மீதி 20 கிராமும் உப்புத் துகளையும் கம்ப்ரஸர் எண்ணெயையும் சேர்த்துக்கொண்டு நீராக இறங்கும்.

எஞ்சும் ஆவியைக் குறைக்க உதவும் குளிரூட்டு உலர்த்தி, பனிநிலையை, அதாவது ஆவி நீராகத் திரளும் வெப்பநிலையை, 3 பாகை அளவுக்கே இறக்கும். சென்னையில் குழாய்கள் அவ்வளவு குளிர்வதில்லை என்பதால் அதுவே போதும் என வாதிடுவோர் உண்டு. வால்வுகளை இயக்கும் காற்றுக்கு அவ்வாதம் பொருந்தும், பகுப்பாய்விக்குப் பொருந்தாது. 3 பாகையில் அழுத்தக் காற்றின் பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ 950 பங்கு நீராவி எஞ்ச, சிலிக்கா ஜெல் அல்லது அலுமினா உலர்த்தியால் எட்டக்கூடிய −40 பாகையில் 16 பங்கே எஞ்சும். அகச்சிவப்புக் கதிரைக் கொண்டு அளக்கும் கருவியில் நீராவியும் அக்கதிரை உறிஞ்சுவதால், சுழி நிலையைக் குறிக்க ஊட்டப்படும் காற்றே ஈரமாயின் சுழியே பிறழ்ந்துவிடும். கரியமில வாயுவை அளக்கும் கருவியாயின், காற்றில் இயல்பாகவே உள்ள அவ்வாயுவையும் தனியே நீக்கியாக வேண்டும்.

தீப்பற்றும் வாயு சூழ்ந்த இடங்களில் இதே காற்று உயிர்க்காப்பும் ஆகிறது. மின்கருவிப் பெட்டியினுள் காற்றைச் செலுத்திப் பழைய காற்றை வெளியேற்றிய பின், வெளியழுத்தத்தினும் குறைந்தது 50 பாஸ்கல் மிகுதியாக நிலைநிறுத்தினால், எரிவாயு உள்ளே புகாது. அதற்குக் கம்ப்ரஸரின் உறிஞ்சுவாய் கசிவில்லா இடத்தில் இருத்தல் இன்றியமையாதது. கம்ப்ரஸர் நிற்கும்போது காற்றுக் குழாயில் நைட்ரஜனைத் திருப்பிவிடும் ஏற்பாடே பெரும் அபாயமுடையது. பூட்டிய பகுப்பாய்வி அறைக்குள் நைட்ரஜன் கசிந்தால், மணமும் நிறமும் இன்றி ஆக்சிஜனை 19.5 விழுக்காடு என்ற பாதுகாப்பு வரம்புக்கும் வெகு கீழே தாழ்த்தி, உள்ளே நுழையும் தொழிலாளியை மூச்சடைத்து வீழ்த்தும். அதே நைட்ரஜன், 20.9 விழுக்காடு ஆக்சிஜனைக் கொண்ட காற்றோடு ஒப்பிட்டுப் புகையின் ஆக்சிஜனை அளக்கும் சிர்கோனியா கருவியின் ஒப்பீட்டையும் குலைக்கும். ஒரே வால்வுத் திருப்பத்தில் உயிரும் அளவீடும் ஒருங்கே கெடக்கூடும் என்பதால், அறையின் ஆக்சிஜன் அளவும் காற்றின் பனிநிலையும், புகை அளவுகள் பதிவாகும் அதே ஏட்டில், அதே நேரக் குறிப்புடன் பதிவாக வேண்டும்.