பிரைமர்: வாய்வழித் துப்பாக்கிகளில்

குழலில் கெட்டித்த வெடிமருந்துக்கு முதல் நெருப்பைக் கொடுக்கும் சிறு உலோகக் குப்பியே பிரைமர். அடிபட்டவுடன் வெடிக்கும் ரசாயனக் கலவை அதற்குள் சிறிதளவு இருக்கும். தோட்டா போட்டுச் சுடும் துப்பாக்கியில் பிரைமர் தோட்டாவோடு சேர்ந்தே வருவதால், எந்தப் பிரைமர் என்பதைத் தொழிற்சாலையே முடிவு செய்துவிடுகிறது. வாய்வழியாக மருந்தையும் குண்டையும் இறக்கிக் கெட்டிக்கும் ரைபிளில் அந்த முடிவு சுடுபவரின் கையில்தான் இருக்கிறது. அதில் பிழை செய்தால் எவ்வளவு நல்ல ரைபிளும் குறி தவறும்.

பிரைமருக்கு முன்பு இருந்தது சக்கிமுக்கிக் கல். ‘குதிரை’ எனப்படும் அடிப்பானின் வாயில் கவ்விய கல் எஃகுத் தகட்டில் உரசும். பொறி பக்கவாட்டுக் கிண்ணியில் கிடக்கும் மருந்தில் விழும். அந்தத் தீ குழலின் துளை வழியே உள்ளே போகும். விசையை இழுப்பதற்கும் குண்டு கிளம்புவதற்கும் இடையே ஒரு தாமதம் இருந்தது. கிண்ணியில் எழும் புகையைக் கண்டே பறவைகள் தப்பின. ஸ்காட்லாந்தின் பெல்ஹெல்வி ஊரில் பாதிரியாராக இருந்த அலெக்சாண்டர் ஜான் ஃபோர்சைத் நீர்ப்பறவை வேட்டையில் பட்ட தொல்லை இதுதான். பாதரச ஃபல்மினேட் பற்றி எட்வர்ட் ஹோவர்ட் 1800-இல் எழுதியிருந்தார். அடித்தால் வெடிக்கும் இத்தகைய பொருள்களை ஃபோர்சைத் பற்றவைப்புக்குப் பயன்படுத்தினார். லண்டன் கோபுரத்தில் அரசுக்காக அவர் செய்துவந்த ஆராய்ச்சி, படைக்கலத் துறைக்குப் புதிய தலைவர் வந்ததும் நிறுத்தப்பட்டது. 1807-இல் காப்புரிமை பெற்றார். வாசனைப் புட்டி போன்ற வடிவத்தில் இருந்த அவருடைய விசைப்பொறியில் வெடிபொருள் தூளாகவே இருந்தது. அது நுட்பமான பொறி. படைவீரனின் முரட்டுக் கைக்கு ஏற்றதல்ல.

தூளைச் செம்புக் குப்பிக்குள் அடைத்ததுதான் உண்மையான திருப்பம். இதை முதலில் செய்தவர் யார் என்பதில் பலருக்கும் உரிமைக்கோரல் உண்டு. இங்கிலாந்தில் பிறந்து பிலடெல்பியாவில் குடியேறிய ஓவியர் ஜோஷுவா ஷா 1822-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். லண்டன் துப்பாக்கித் தச்சர் ஜோசப் எக், வேட்டை எழுத்தாளர் கர்னல் பீட்டர் ஹாக்கர் ஆகியோரின் பெயர்களும் அடிபடுகின்றன. குழலின் பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் துளையுள்ள காம்பில் குப்பியைக் கவிழ்த்து வைப்பார்கள். குதிரை வந்து அடித்ததும் தீ காம்பின் துளை வழியே நேராக மருந்துக்குள் பாயும்.

இதன் பலன் எண்களிலேயே தெரிகிறது. பிரிட்டிஷ் ராணுவம் 1834-இல் வூல்விச்சில் இரு வகைத் துப்பாக்கிகளையும் ஒப்பிட்டபோது, 6,000 முறை சுட்டதில் சக்கிமுக்கி 922 முறை பற்றவில்லை; குப்பி பற்றாமல் போனது 36 முறைதான். ஆனாலும் எல்லாப் படைகளுக்கும் புதிய துப்பாக்கி உடனே போய்ச் சேரவில்லை. அந்தத் தாமதத்தின் விலையைக் கொடுத்தவர்களில் சென்னை ராணுவத்தின் 37-ஆம் சுதேசிக் காலாட்படையினரும் உண்டு. முதல் அபின் போரில், 1841 மே மாதம், கான்டன் அருகே அதன் ஒரு கம்பெனி கொட்டும் மழையில் தனித்து மாட்டிக்கொண்டது. சிப்பாய்களின் சக்கிமுக்கித் துப்பாக்கிகள் நனைந்து செயலிழந்தன. துப்பாக்கி முனைக் கத்தியோடு சதுர அணி வகுத்து நின்றார்கள். குப்பித் துப்பாக்கி ஏந்திய கடற்படை வீரர்கள் வந்து அவர்களை மீட்டார்கள். அதே மழையில் இவர்களுடைய துப்பாக்கிகள் சுட்டன. பற்றவைப்பு முறையின் வரலாற்றில் இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

குப்பிகளிலும் பல அளவுகள் வந்தன. வேட்டை ரைபிளுக்கும் கைத்துப்பாக்கிக்கும் 10, 11 என்று எண்ணிட்ட சிறு குப்பிகள். ராணுவத் துப்பாக்கிக்கு விளிம்பு விரிந்த, தொப்பி போன்ற பெரிய குப்பி. குளிரில் விறைத்த விரலாலும் அதை எடுத்து வைக்க முடியும், தீயும் கூடுதல். வாஷிங்டனின் பல் மருத்துவர் எட்வர்ட் மேனார்ட் ஒவ்வொரு முறையும் குப்பி மாட்டும் வேலையையே ஒழிக்க நினைத்தார். தீபாவளிக்குப் பிள்ளைகள் பொம்மைத் துப்பாக்கியில் போடும் ரோல் கேப் போல, காகிதச் சுருளில் வெடிப்பொட்டுகளை ஒட்டி 1845-இல் காப்புரிமை பெற்றார். 1855-ஆம் ஆண்டு மாதிரி ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கியில் அது இடம்பெற்றது. ஈரத்தில் காகிதம் கெட்டுப்போனதால் 1861 மாதிரியில் மீண்டும் செம்புக் குப்பியே வந்தது.

பொட்டாசியம் குளோரேட் கலந்த பழைய குப்பிகள் சுட்டபின் குழலில் உப்பை விட்டுச்சென்றன. அது ஈரத்தை இழுத்து இரும்பைத் துருப்பிடிக்கவைத்தது. 1920-களில் ஈய ஸ்டிஃப்னேட் கலவைகள் வந்து இந்தச் சிக்கலைத் தீர்த்தன.

நவீன வாய்வழி ரைபிளின் கதை அமெரிக்காவில் 1985-இல் தொடங்குகிறது. மிசௌரியைச் சேர்ந்த டோனி நைட் வெளியிட்ட எம்.கே.-85 ரைபிளில் குதிரை பக்கவாட்டில் இல்லை. அடிக்கும் ஊசியும் காம்பும் குழலும் ஒரே நேர்கோட்டில் அமைந்தன. முதலில் 11-ஆம் எண் குப்பியைத்தான் அது பயன்படுத்தியது. ஆனால் சந்தைக்கு வந்திருந்த மாற்று மருந்துகள் பழைய கருமருந்தைவிடக் கூடுதல் வெப்பத்தில்தான் பற்றின. 1970-களில் டான் பாவ்லக் உருவாக்கிய பைரோடெக்ஸ் அத்தகையது. அதை ஈரமான காலையிலும் தவறாமல் பற்றவைக்க, ரவைத் தோட்டாவுக்கான 209 எண் பிரைமரை ரைபிள்களுக்குக் கொண்டுவந்தார்கள். 11-ஆம் எண் குப்பியைவிட அதன் தீ பல மடங்கு வலுவானது.

அதிலிருந்துதான் இன்றைய தேர்வுச் சிக்கல் பிறக்கிறது. வலுவான பிரைமர்தான் எப்போதும் நல்லது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது, அது தவறு. ஹாட்ஜ்டன் நிறுவனத்தின் ட்ரிபிள் செவன் மருந்தை வீரியமான 209 பிரைமரால் சுட்டால், மருந்து இருந்த இடத்துக்குச் சற்று மேலே குழலுக்குள் கெட்டியான கசடு வளையம் ஒன்று படிகிறது. அடுத்த குண்டைக் கெட்டிக்கோலால் இறக்கும்போது, மருந்தைத் தொடுவதற்கு முன்பே கோல் முட்டி நிற்கும். குண்டு முழுவதும் இறங்கிவிட்டது என்று நினைத்துச் சுடுவது ஆபத்து. அதனால் கோலில் முன்பே அடையாளக் கோடு போட்டுக்கொள்வது அவசியம். இந்த வளையத்தைக் குறைப்பதற்காகவே ரெமிங்டனும் வின்செஸ்டரும் வாய்வழித் துப்பாக்கிகளுக்கென்று மென்மையான 209 பிரைமர்களை வெளியிட்டன. பிளாக்ஹார்ன் 209 மருந்துக்கோ கதை நேர்மாறு. நைட்ரோசெல்லுலோஸ் கலந்த அது மென்மையான பிரைமரில் தாமதித்துப் பற்றும், சில சமயம் பற்றாமலே போகும். ஃபெடரல் 209ஏ அல்லது சி.சி.ஐ. 209எம் என்ற வீரியமான பிரைமரைப் பயன்படுத்தும்படியே தயாரிப்பாளர் அறிவுறுத்தினார். ஆகவே முதலில் மருந்தை முடிவு செய்துவிட்டு, அதற்குப் பொருந்தும் பிரைமரைத் தேடுவதே சரியான வரிசை. உண்மையான கருமருந்து போடுபவருக்கு 11-ஆம் எண் குப்பியே போதும்.

பிரைமர் உட்காரும் குழியின் பொருத்தமும் இதே அளவுக்கு முக்கியம். தளர்வாக இருந்தால் சூடான வாயு பின்னோக்கிக் கசியும். சுட்டபின் குழியைச் சுற்றிக் கரி படிந்திருப்பதே அதன் அடையாளம். கசிவு தொடர்ந்தால் ஒவ்வொரு முறை சுடும்போதும் அழுத்தம் மாறும். நாளடைவில், குழலின் பின்முனையை மூடும் அடைப்பானின் தீத்துளையும் அரிக்கப்பட்டு அகலும். ஒரே 209 என்றாலும் நிறுவனத்துக்கு நிறுவனம் அளவில் நூலிழை வேறுபாடு உண்டு. ஒரு ரைபிளில் இறுக்கமாக அமர்வது இன்னொன்றில் ஆடும். ரெமிங்டன் 700 அல்டிமேட், சி.வி.ஏ. பாரமவுண்ட் ஆகிய அண்மைக்கால ரைபிள்கள் 209-ஐ விட்டு, சிறு உலோகக் கூட்டுக்குள் பொருத்திய பெரிய ரைபிள் பிரைமருக்கு மாறியதற்கு இந்தக் கசிவும் ஒரு காரணம்.

சில இடங்களில் சட்டமே தேர்வை முடித்துவிடுகிறது. ஐடஹோ மாநிலத்தின் வாய்வழித் துப்பாக்கி வேட்டைப் பருவத்தில் 209 பிரைமருக்கு அனுமதி இல்லை. சக்கிமுக்கியோ செம்புக் குப்பியோதான் வெளித்தெரியும்படி இருக்க வேண்டும். பென்சில்வேனியாவில் 1974 முதல் நடந்துவரும் குளிர்கால மான் வேட்டைப் பருவத்தில் குப்பிக்கும் இடமில்லை, சக்கிமுக்கிக் கல் மட்டுமே.