பார்வை என்கிற ஒரு வரி

அரசுக் கடிதம் கைக்கு வந்தால் எல்லோருடைய கண்ணும் 'பொருள்' என்ற வரிக்குத்தான் போகும். அதற்கடுத்த 'பார்வை' வரியை யாரும் படிப்பதில்லை. எழுத்தராக இருந்த எங்களுக்கோ கடிதத்தின் உயிரே அதுதான்.

சென்னை மாகாண காலத்தில் டாட்டன்ஹாம் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியின் பெயரால் வழங்கிய முறை இது. வருகிற ஒவ்வொரு தபாலுக்கும் ஓர் எண் போட்டு, எழுத்தர் தம் தன்பதிவேட்டில் ஏற்றிக்கொள்வார். 1956இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்து அலுவலகம் தமிழுக்கு மாற மாற, ஆங்கிலக் குறிகள் போய் 'ந.க.' வந்தது. 'ந.க.1234/1978/அ2' என்றால் 1978ஆம் வருஷத்து 1234ஆவது தாள், 'அ' பிரிவு, இரண்டாவது இருக்கை. முடிந்த கோப்புக்கு ஓ.மு., மூ.மு., ப.மு., நி.மு. என்று குறி உண்டு. ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, என்றைக்கும் என்று, கட்டைப் பிரிக்காமலே கோப்பின் ஆயுள் தெரிந்துவிடும்.

முதுகுளத்தூர் வட்டாட்சியர், பரமக்குடி கோட்டாட்சியர், இராமநாதபுரம் ஆட்சியர் ஆகிய மூன்று அலுவலகத்துக்கும் அன்று பொது ஏடு கிடையாது. ஒரே மனுவுக்கு மூன்று இடத்தில் மூன்று எண். அவற்றைக் கோத்து நின்றது பார்வை வரி ஒன்றுதான். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இது புதிதாகப் படவில்லை. அந்தக் கடிதங்களிலும் 'தங்கள் எண்', 'எங்கள் எண்' என்று இரண்டும் தலைப்பிலேயே இருக்கும்.

ஒருமுறை ஓர் அலுவலகத்திலிருந்து, 'தங்கள் கடிதத்தின்படி நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று மட்டும் பதில் வந்தது. பார்வையில் ஒன்றுமில்லை. எந்தக் கடிதம்? யாருடைய மனு? கணவரை இழந்த ஓர் அம்மாவின் உதவித்தொகைக்கான பதில் அது என்று கண்டுபிடிப்பதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. அத்தனை நாளும் அவர் பணமில்லாமல் நடந்துகொண்டிருந்தார்.

இதே சிக்கல் கணினிக்காரர்களுக்கும் வந்திருக்கிறது. 2016இல் 'டுவிடெக்ஸ்ட்' என்றொரு முறை வந்தது. நடுவில் கம்பெனி எதுவும் இல்லை. அவரவர் இடத்தில் அவரவர் ஒரு வெறும் எழுத்துக் கோப்பு வைத்து, வரிக்கு ஒரு செய்தியாக நேரம் போட்டு எழுதவேண்டியது. எந்தச் செய்திக்குப் பதில் என்று சொல்ல அதில் வழியில்லை. பிறகு சிலர், செய்தியின் எழுத்துகளையும் சேர்த்துக் கணக்கிட்டு ஏழெழுத்துக் குறி ஒன்றை உண்டாக்கி, பதிலின் முன்னால் போட்டார்கள். எழுதியவர் ஓர் எழுத்தைத் திருத்தினாலும் குறி மாறிவிடும். பழைய பதில்களெல்லாம் அநாதையாகிவிடும். எழுதியவர் முகவரியும் நேரமுமே குறியாக இருக்கட்டும் என்ற யோசனையும் எழுந்தது. ஏறக்குறைய நம் எண்ணும் நாளும்தான்!

அரசாணையில் பிழை நேர்ந்தால் பழைய தாளை அழிப்பதில்லை. அதன் எண்ணைப் பார்வையில் காட்டி, திருத்த ஆணை தனியாகப் போடுவார்கள். எண் உள்ளடக்கத்தைச் சார்ந்ததல்ல என்பதால் சங்கிலி அறுவதில்லை.

ஓய்வூதியமோ பட்டாவோ, மறுபடி மனுக் கொடுக்கும்போது முந்தைய கடிதத்தின் எண்ணையும் நாளையும் பார்வையில் எழுதுங்கள். உங்கள் தாளைத் தேடுகிற எழுத்தருக்கு அந்த ஒரு வரி போதும்.