வழக்கறிஞராவதற்கு முன் எதைப் பயில்வது?

சட்டம் பயில விரும்பும் இளைஞர்க்கும் அவர்தம் பெற்றோர்க்கும் முதற்கண் எழும் வினா ஒன்றுண்டு. சட்டக் கல்லூரியின் வாயிலை அடையுமுன் எப்பாடத்தைக் கற்பது நலம்? வரலாறா, பொருளாதாரமா, இலக்கியமா, கணிதமா? இவ்வினா இன்று நேற்று எழுந்ததன்று. முன்னோர் தம் வாழ்வாலும், ஆன்றோர் குழுக்கள் தம் அறிக்கைகளாலும் இதற்கு அளித்த விடைகளை ஒருங்கே வைத்து நோக்குவோமாயின், இன்று இவ்வினாவை எதிர்நோக்கி நிற்கும் மாணவருக்குத் தெளிவு பிறக்கும்.

1857-ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் தோன்றின. பம்பாயில் அரசுச் சட்டக் கல்லூரி அதற்கு இரண்டாண்டு முன்னரே தொடங்கப்பெற்றிருந்தது. முதலில் பி.ஏ., பின்னர் பி.எல். என்னும் வரிசை நாளடைவில் வேரூன்றிற்று. எனினும் வேறு வழிகளும் திறந்தே இருந்தன. பண்டித மோதிலால் நேரு பி.ஏ. பட்டம் பெறாமலே 1883-இல் வக்கீல் தேர்வில் தேறித் தொழிலில் இறங்கியவர்.

பட்டம் பெற்றுச் சட்டத்துறைக்கு வந்தவர்களுள்ளும் எத்துணை வேறுபாடு! சர் ஆசுதோஷ் முகர்ஜி கணிதத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றவர். இளமையிலேயே கணித ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதியவர். அவரே பின்னர்ச் சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்று, 1904-இல் கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதியானார். கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கிய காலத்தில், 1909-இல், பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியை நிறுவியவரும் அவரே. எடுத்துக்கொண்ட கூற்றிலிருந்து படிப்படியாக முடிவுக்குச் செல்லும் பயிற்சியைக் கணிதம் தருகிறது. அப்பயிற்சி நீதிபதியின் இருக்கையில் வீண்போகாது என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

பாபு ராஜேந்திர பிரசாத் 1902-இல் கல்கத்தாப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் முதலிடம் பெற்றார். விஞ்ஞானத்தில் நாட்டங்கொண்டிருந்த அவர் பின்னர்க் கலைப் பாடங்களின் பக்கம் திரும்பி, 1907-இல் பொருளாதாரத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார், 1915-இல் சட்டத்தில் முதுநிலைப் பட்டமும் பெற்றார். டாக்டர் அம்பேத்கரோ அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலும் இலண்டனிலும் பொருளாதாரத்தை ஆழ்ந்து கற்றவர். சட்டக் கல்வியையும் முடித்து, 1923-இல் பம்பாயில் வழக்கறிஞர் தொழிலை மேற்கொண்டார். பொருளாதாரம் கற்ற இவ்விருவருள் ஒருவர் அரசியல் நிர்ணய சபைக்குத் தலைவராகவும், மற்றவர் அதன் வரைவுக் குழுவுக்குத் தலைவராகவும் அமைந்தது எண்ணத்தக்கது.

இலக்கியம் கற்றுச் சட்டத்திற்கு வந்தவர் கார்னீலியா சோராப்ஜி அம்மையார். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதற் பெண் பட்டதாரி அவர். 1892-இல் ஆக்ஸ்போர்டில் சட்டத் தேர்வு எழுதிய முதற் பெண்மணியும் அவரே. ஆயினும் அப்பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் வழங்கத் தொடங்கியது 1920-இல்தான். நம் நாட்டில் பெண்கள் வழக்கறிஞராவதற்கு இருந்த தடை நீங்கியதோ 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தால். எப்பாடம் கற்பது என்னும் வினாவினும், கற்றவரை உள்ளே விடுவரோ என்னும் வினா கொடியதாயிருந்த காலம் அது.

காந்தியடிகளின் வரலாறு வேறொரு பாடம் புகட்டுகிறது. பட்டம் எதுவும் பெறாமலே இலண்டன் சென்ற அவர், பாரிஸ்டர் தேர்வுக்கு வேண்டியதற்கு மேலும் கற்க விரும்பி, இலண்டன் மெட்ரிகுலேஷன் தேர்வுக்காக இலத்தீன் மொழி பயின்றார். முதன்முறை அதில் தவறியும், மீண்டும் முயன்று தேறினார். அம்மொழி அறிவால் ரோமானியச் சட்டத்தை மூலத்திலேயே படித்தார். ரோமானிய-டச்சுச் சட்டம் வழங்கிய தென்னாப்பிரிக்காவில் அது அவருக்குப் பெரிதும் கைகொடுத்தது.

தனி மனிதர் கண்ட விடைகள் இவை. சுதந்திரம் பெற்றபின் நாடே இவ்வினாவை ஆராயலாயிற்று. டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-49-இல் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, சட்டப் படிப்புக்கு முன் மூன்றாண்டுப் பொதுக்கல்வி இன்றியமையாதது என்று பரிந்துரைத்தது. செதல்வாட் அவர்களைத் தலைவராகக் கொண்ட சட்டக் கமிஷனும் தன் 1958-ஆம் ஆண்டு அறிக்கையில், பட்டதாரிகளே சட்டம் பயிலத்தக்கவர் என்னும் கருத்தை வற்புறுத்திற்று. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தால் தோன்றிய இந்திய பார் கவுன்சில் இக்கல்வியின் தரத்தை வகுக்கும் பொறுப்பை ஏற்றது.

பின்னர் எண்ணம் வேறு திசையிற் சென்றது. பொதுக்கல்வியையும் சட்டக் கல்வியையும் தனித்தனியே கற்பானேன். இரண்டையும் இணைத்து ஐந்தாண்டில் கற்பித்தால் என்ன என்று அறிஞர் கருதினர். பெங்களூரில் நிறுவப்பெற்ற தேசியச் சட்டப் பள்ளி, மாதவ மேனன் அவர்கள் முதல் இயக்குநராயிருக்க, 1988-இல் வகுப்புகளைத் தொடங்கியது. இன்று பள்ளிப் படிப்பை முடித்தவுடன் ஐந்தாண்டுப் படிப்பிற் சேரலாம். ஏதேனும் ஒரு பட்டம் பெற்றபின் மூன்றாண்டுப் படிப்பிலும் சேரலாம். முதல் வழியில் ஓராண்டு மிச்சமாகும். ஆனால் பதினேழு, பதினெட்டு வயதிலேயே வாழ்க்கைத் தொழிலைத் துணிய வேண்டும். இரண்டாம் வழியில் ஓராண்டு கூடும்; அதற்கு ஈடாக, மனம் முதிர்ந்தபின் முடிவு செய்யும் வாய்ப்பும், சட்டம் ஒத்துவராவிடின் பற்றிக்கொள்ள மற்றொரு கல்வியும் கிட்டும். சிறு வருவாயுடைய குடும்பத்திற்கு ஓராண்டுச் செலவும் பெரிது. வேண்டாத தொழிலில் சிக்கிய மகனோ மகளோ அடையும் துன்பம் அதனினும் பெரிது. இரண்டையும் சீர்தூக்கியே முடிவு காணல் வேண்டும்.

அரசாங்கத்தின் சட்டங்களையும் விதிகளையும் தமிழில் பெயர்க்கும் பணியிலிருக்கும் நாம் நாள்தோறும் காணும் உண்மை ஒன்றுண்டு. ‘செய்யலாம்’ என்பதற்கும் ‘செய்தல் வேண்டும்’ என்பதற்கும் உள்ள வேற்றுமையில் ஒருவருடைய நிலமோ வேலையோ அடங்கியிருக்கும். ‘அல்லது’ என வரவேண்டிய இடத்தில் ‘உம்’ வந்தால், ஒன்றை மெய்ப்பிக்க வேண்டியவர் இரண்டை மெய்ப்பிக்க நேரும். சொல்லை நிறுத்துப் பார்க்கும் இப்பழக்கத்தை இலக்கியமும் தரும், கணிதமும் தரும், சான்றுகளை ஒப்புநோக்கும் வரலாறும் தரும். மேலோட்டமாகப் படித்தால் எதுவும் தராது.

ஆகவே, சட்டத்திற்கு ஏற்றது என்று பிறர் கூறும் பாடத்தை விருப்பமின்றி ஏற்று, அதனை வெறும் ஏணிப்படியாக மிதித்துச் செல்வதினும், உள்ளம் நாடும் பாடத்தை முழுமையாகக் கற்பதே சிறந்தது. அதனோடு தாய்மொழியிலும் ஆங்கிலத்திலும் பிழையின்றி எழுதப் பழகுதல் வேண்டும்; நம் அரசியலமைப்பை ஒருமுறையேனும் முழுதும் படித்தல் வேண்டும்; விடுமுறை நாளில் அருகிலுள்ள நீதிமன்றத்திற்குச் சென்று, அங்கே நீதி நாடி வந்து காத்திருக்கும் எளிய மக்களையும் காணுதல் வேண்டும். அவர்களுக்காகப் பேசத் தம்மால் இயலுமா என்று தம்மையே வினவிக்கொண்ட மாணவர், எந்தப் பட்டத்தோடு வந்தாலும் சட்டக் கல்லூரிக்குத் தகுதியுடையவரே ஆவர்.